டோரீனின் கிளிப்பச்சைக் கோட்டு

நெவில் ஹோல்டன் தையல் மிஷின் முன்னால் முதல்முறையாக உட்கார்ந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழு. அதற்கு முன் அவர் ஊசியில் நூல் கோத்துக்கூட நான் பார்த்ததில்லை. பிளாக்பூல் கடற்கரையோரமாக முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டிய மனிதர். சட்டையில் பொத்தான் அறுந்தால் அதை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டுவார்.

மனைவி பெயர் டோரீன். என் சிநேகிதி. கடற்கரையில் நிற்கிற பெரிய இரும்புக் கோபுரத்துக்குக் கீழே இருக்கிற நடன மண்டபத்தில், ஆட வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். கோட்டைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவாள். ஆட்டம் முடிந்து வந்து டோக்கனை நீட்டினால் கோட்டு திரும்பக் கிடைக்கும். ஒரு ராத்திரிகூட ஒருவர் கோட்டு இன்னொருவருக்குப் போனதில்லை என்று அவளுக்குப் பெருமை. அசல் ரோமக் கோட்டு எது, போலி எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வாள். அவளிடம் மட்டும் கடைசிவரை ஒரு ரோமக் கோட்டும் இருந்ததில்லை. "அடுத்தவங்களோடதை நாள் பூரா தொட்டுட்டேதானே இருக்கேன், எனக்கு எதுக்குத் தனியா?" என்பாள்.

நான் ஐரிஸ். அவர்கள் தெருமுனையில் இருக்கும் சலவைக்கடையைப் பார்த்துக்கொள்கிறவள். மிஷினில் டோக்கன் போட்டுத் துவைக்கிற கடை. துவைக்க வருகிறவர்கள் துணி சுற்றி முடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் தெருவில் நடக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும்.

டோரீனுக்கு மறதி வந்தது அவளுடைய எழுபத்திரண்டாவது வயதில். முதலில் கெட்டிலைத் தண்ணீர் இல்லாமல் வைத்தாள். பிறகு என் பெயர் போயிற்று. பிறகு ஒருநாள் நெவிலைப் பார்த்து, "சார், நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டாள். அன்று நெவில் கடைக்கு வந்து, துணியே இல்லாமல், ஓடாத மிஷின் ஒன்றின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு நான் சார், ஐரிஸ்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் "இன்னிக்கு நெவிலா, சாரா?" என்று கேட்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள் என்றால் அவர் நடையிலேயே தெரிந்துவிடும்.

மறதியைக்கூட அவர் சமாளித்திருப்பார். அவள் வெளியே போக ஆரம்பித்ததுதான் அவரை உடைத்தது. "வேலைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். அவர் முகம் மழிக்கிற பத்து நிமிஷம் போதும். செப்டம்பர் மாதத்தில் மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை டிராம் தடத்தின் கடைசியில், ஃப்ளீட்வுட்டில், மீன் விற்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அவர்களும் அவளை யாரோ வீட்டுப் பாட்டி என்று நினைத்து சும்மா விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஒரு மஞ்சள் ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிற மாதிரி. டோரீன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நான் என்ன ரோட்டுக்குத் தார் ஊத்தவா போறேன்?"

போன் நம்பர் பொறித்த வளையல் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கழற்றித் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். வெளிக்கதவைப் பூட்டிவைத்தால், கதவைத் தட்டித் தட்டி அழுவாள். பூட்டிய வீட்டுக்குள் அவள் அழுவதைக் கேட்க முடியாமல் நெவிலே திறந்துவிடுவார். திறந்துவிட்டு, பின்னாலேயே நடப்பார். அவருக்கு முட்டி வலி. அவளுக்கு அந்த வயதிலும் நல்ல கால்.

கோட்டு யோசனை என் கடையில்தான் பிறந்தது. மார்லன் என்று ஒரு பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது இருக்கும், எதிர் வரிசையில் மாடியில் குடியிருந்தான். கடற்கரை பப் ஒன்றில் பெண் வேஷம் கட்டிப் பாடுகிறவன். ஆறடி உயரம், அதற்குமேல் குதிகால் உயர்ந்த செருப்பு. தன் உடுப்புகளைத் தானே தைப்பான். ஒருநாள் வெள்ளை ரோமத் துணியில் செய்த பெரிய சால்வையைத் துவைக்க எடுத்துவந்தான். அப்போது நெவிலும் டோரீனும் கடையில் இருந்தார்கள். டோரீன் எழுந்து போய் அந்தச் சால்வையை அவன் கையிலிருந்து வாங்கி, தன் கைமேல் போட்டு, ரோமத்தை ஒரே பக்கமாக நீவிவிட்டாள். அவள் முகம் அப்படி அமைதியாகி நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை.

மார்லன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"டோக்கன் இருக்கா சார்?" என்றாள் டோரீன்.

மார்லன் என்னைப் பார்த்தான். நான் கல்லாவிலிருந்து ஒரு சலவை டோக்கனை எடுத்து நகர்த்தினேன். அவன் அதை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

"இருக்குங்க மேடம். பத்திரமா வெச்சிருந்தேன்."

அவள் டோக்கனை வெளிச்சத்தில் பார்த்து, தலையாட்டி, சால்வையை அவன் தோளில் போட்டுவிட்டாள். "வெளிய காத்தடிக்குது கண்ணு. நல்லா மூடிக்க."

நெவில் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மஞ்சள் ஜாக்கெட்டை வேண்டாம் என்றவள் ரோமக் கோட்டை வேண்டாம் என்று சொல்லமாட்டாள். எட்டுத் தெரு தள்ளி நின்றாலும் தெரிகிற நிறத்தில் ஒன்று.

"ஆரஞ்சு," என்றார்.

"பெருசு, நம்ம ஊர் ஃபுட்பால் டீம் சட்டையே ஆரஞ்சு, மேட்ச் நடக்கிற சனிக்கிழமை ஊர்ல பாதிப் பேர் அதான். பொண்டாட்டியைத் தேடிப் போய் கோல்கீப்பரைக் கூட்டிட்டு வருவீங்க," என்றான் மார்லன்.

"அப்ப பிங்க்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கூத்தடிக்க வாரக் கடைசியில வந்து இறங்குதே, கல்யாணப் பொண்ணும் தோழிகளும், தலையில கிரீடம் வெச்சுக்கிட்டு. அத்தனை பேரும் பிங்க். அவங்களோட சேர்ந்து டோரீன் அம்மா ஆட்டம் போடப் போயிட்டா நாலு நாள் கழிச்சுதான் திரும்பி வருவாங்க."

சிரித்தோம். டோரீனும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். கடைசியில் கிளிப்பச்சை என்று ஆயிற்று. இந்த ஊரில் கடலும் சாம்பல் நிறம், வானமும் சாம்பல் நிறம், வீடுகளும் கிட்டத்தட்ட அதே நிறம். கிளிப்பச்சை எங்கே போனாலும் தப்பாது.

தயாராக விற்கிற கோட்டு வாங்கலாமே என்று நான் கேட்டேன். கடையில் கிடைப்பதெல்லாம் இடுப்போடு நிற்கும், சிறு பெண்களுக்கானது, குளிர் தாங்காது என்றான் மார்லன். நெவில் வேறு காரணம் சொன்னார்.

"வீட்டை விட்டு நகர முடியாது ஐரிஸ். அவளையே பார்த்துட்டு உக்காந்திருந்தா அவளுக்கும் பிடிக்கல, என்னை முறைக்கிறா. கை பாட்டுக்கு ஏதாவது செஞ்சுட்டிருந்தா நான் அங்க இருக்கிறது அவளுக்கு உறுத்தாது."

அக்டோபரில் துணி வந்தது. சமையலறை மேஜையில் விரித்தபோது ஏதோ பெரிய மிருகம் ஒன்று படுத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது. நெவில் கத்திரிக்கோலை எடுத்தார். மார்லன் அதைப் பிடுங்கினான்.

"கத்திரிக்கோல் வெச்சா கையை ஒடிச்சிடுவேன். ரோமத்தையும் சேர்த்து வெட்டினா ஓரமெல்லாம் ராணுவத்துல முடி வெட்டின மாதிரி ஆயிடும். திருப்பிப் போடுங்க. பின்பக்கம் இருக்கிற துணியை மட்டும் பிளேடால கீறணும். ரோமத்துக்கு அடிபட்டதே தெரியக்கூடாது."

"டிராம் ஓட்டினவன்டா நான்."

"தெரியும். பிரேக் அடிக்கிற மாதிரியே பிளேடைப் பிடிச்சிருக்கீங்க."

ரோமம் எல்லாத் துண்டிலும் மேலிருந்து கீழாக விழ வேண்டும் என்று மார்லன் சொல்லிவிட்டுப் போனான். நெவில் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்பீஸில் அம்புக்குறி போட்டார். இருந்தும் கோட்டின் இடது கைக்கான துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டார். தைத்த பிறகுதான் தெரிந்தது. வலது கையில் ரோமம் படிந்து கிடந்தது. இடது கையில் காற்று கீழேயிருந்து ஊதுகிற மாதிரி மேல்நோக்கி நின்றது. திரும்ப வெட்டத் துணி இல்லை. கடையிலும் அந்தப் பச்சை தீர்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மனம் ஒடிந்துபோய் இருந்தார். மறுநாள் டோரீன் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டார்.

ஏழு வாரம் ஆயிற்று. டோரீனின் பழைய மிஷினில் மெல்லிசான ஊசிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. தடித்த ஊசி வாங்கி, தையலை நீளமாக வைத்து, வண்டியை வளைவில் திருப்புகிற மாதிரி மெதுவாக ஓட்டினார். தைத்து முடித்த இடத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட ரோமத்தை ஒரு ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் ஒவ்வொரு மயிராக வெளியே இழுத்துவிடுவார். அப்படிச் செய்தால் தையல் இருக்கிற இடமே கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலை டோரீனுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, பேசாமல், சாயங்காலம்வரை ரோமம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீடெல்லாம் பச்சை. டீயில் பச்சை, வெண்ணெயில் பச்சை, நெவிலின் புருவத்தில் பச்சை. நான் துவைத்துக் கொடுத்த படுக்கை விரிப்புகள் எல்லாம் முளைவிட்ட மாதிரி திரும்பி வந்தன.

அந்த ஏழு வாரத்தில் அவள் ஒருமுறைகூட வெளியே கிளம்பவில்லை. நெவில் இதைப் பின்னால் பலமுறை என்னிடம் சொன்னார். தைத்து முடிக்காமலேயே இருந்திருக்கலாமே என்று.

உள்ளே லைனிங்குக்கு மார்லன் தன்னுடைய பழைய சிவப்பு சாட்டின் கவுனைக் கிழித்துக் கொடுத்தான். அதில் நெஞ்சுப் பக்கம் நெவில் தன் போன் நம்பரை வெள்ளை நூலால் சங்கிலித் தையல் போட்டு எழுதினார். முன்பக்கம் மூடுவதற்குப் பெரிய கொக்கிகள். அப்போதுதான் மார்லன் அந்த யோசனையைச் சொன்னான்.

"கொக்கியை முதுகுப் பக்கம் வெச்சிடலாம் பெருசு. எங்க மேடை உடுப்பெல்லாம் அப்படித்தான். அடுத்த ஆள் உதவி இல்லாம கழட்ட முடியாது. வழியில எங்கயாவது கழட்டிப் போட்டுட்டாங்கன்னா?"

நெவில் நிமிர்ந்து பார்த்தார். "அவ என்ன கைதியா? அவ கோட்டு. அவ போட்டுக்குவா, அவ கழட்டுவா."

கொக்கி முன்பக்கமே வைத்தார்கள்.

முதல் நாள் போட்டுக்கொண்டு டோரீன் தெருவில் நடந்தபோது ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே போனாள். "மகாராணிக்கு வணக்கம்" என்றார் பால்காரர். "சீக்கிரம் நட, ஆட்டம் ஆரம்பிச்சிடும்" என்றாள் அவள்.

கோட்டு வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நெவிலின் பழைய இடத்தில் இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகள், சிப்ஸ் கடைக்காரர்கள், விளையாட்டு மிஷின் அரங்கத்து வாசலில் நிற்கிறவர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். "நெவில், உங்க கிளி இங்க வந்திருக்கு" என்று போன் வரும். அவர் டிராம் ஏறிப் போவார். அவள் யாருடைய கடையிலாவது சூடாக டீ குடித்துக்கொண்டிருப்பாள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அரைமணிக்குள் கிடைத்தாள். நெவிலின் முகத்தில் சதை பிடித்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே கண்ணயர்கிற அளவுக்கு அவருக்கு நிம்மதி வந்தது.

பிப்ரவரி கடைசி வாரம், வியாழக்கிழமை. காலையில் மழை; பிறகு காற்று மட்டும். ஒன்றரை மணி இருக்கும். கடை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பச்சையாக ஒன்று நகர்ந்து போயிற்று. டோரீன். நான் அப்போது ஒரு விடுதியின் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். கோட்டு போட்டிருக்கிறாள், இனி ஊரே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மிச்சம் இருந்த விரிப்புகளை மடித்து, கட்டி, சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் நெவிலுக்குப் போன் செய்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். "கோட்டு போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

"அப்ப சரி."

பத்து நிமிஷத்தில் அவரே கடைக்கு வந்தார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டதாம். வடக்குப் பக்க டிராம் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே கிளி உட்கார்ந்திருக்கிறது, காற்று படாத மூலையில், தூங்குகிற மாதிரி இருக்கிறது என்று டிராம் ஓட்டுகிற பிள்ளை சொல்லியிருக்கிறான். நெவில் அவசரப்படவில்லை. ஃபிளாஸ்கில் டீ போட்டு எடுத்து வந்திருந்தார். எனக்கு என்னவோ தோன்றிற்று, கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

அங்கே பெஞ்சில், காலை மடக்கி, கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஒரு உருவம். பச்சை ரோமம் மட்டும் தெரிந்தது. இடது கையில் ரோமம் மேல்நோக்கி நின்றது.

"டோரீன், டீ கொண்டுவந்திருக்கேம்மா," என்றார் நெவில்.

உருவம் தலையைத் தூக்கியது. இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண். உதடு வெடித்து, மூக்கு சிவந்து. அந்த நிறுத்தத்தில் படுத்துக் கிடக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. பெயர் ஷானன்.

"நான் திருடல," என்றாள் உடனே. "அந்தம்மாதான் கொடுத்தாங்க. சத்தியமா. நான் கேக்கக்கூட இல்ல."

நெவில் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான்தான் கேட்டேன், எப்போது, எந்தப் பக்கம் போனாள் என்று.

"அரைமணிகூட இருக்காது. எதிர்ல வந்து நின்னாங்க. 'உங்க கோட்டு கண்ணு, ரொம்ப நேரமா மாட்டியே இருக்கு, யாரும் வந்து கேக்கல'ன்னாங்க. கழட்டி எனக்குப் போட்டுவிட்டு, கொக்கியைக்கூட அவங்களே மாட்டிவிட்டாங்க. டோக்கன் வேணாம், உன்னைப் பார்த்தாலே தெரியுதுன்னாங்க. கடல் பக்கம் போனாங்க."

"உள்ள என்ன போட்டிருந்தா?"

"பூப்போட்ட கவுன். மேல மெல்லிசா ஒரு கார்டிகன்."

ஷானன் கோட்டைக் கழற்றப் போனாள். நெவில் அதற்குள் ரோட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்திருந்தார், அந்த முட்டியோடு. நான் போலீசுக்குப் போன் செய்தேன். ஷானனும் எங்களோடு தேட ஓடினாள், எங்களைவிட வேகமாக. அது உதவி என்று அப்போது நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் நெவிலுக்குப் போன்மேல் போன். கிளி கடல் பாலத்துப் பக்கம் ஓடுகிறது. கிளி சர்ச் பக்கம் திரும்பிவிட்டது. கிடைத்துவிட்டாள், கவலைப்படாதீங்க. ஊரே சொன்ன சொல் தவறாமல் கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை நெவில் அந்தப் பக்கம் திரும்பி ஓடினார். இரண்டு தடவையும் ஷானன்.

இரண்டாவது தடவை அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கோட்டைக் கழற்றி, லைனிங் வெளியே தெரிய உருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு தேடினாள்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில், நாயோடு நடக்கப் போன ஒருவர் டோரீனைப் பார்த்தார். வடக்கே, கடல் சுவரின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். அலை வந்து வந்து இடுப்புவரை நனைத்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷானன் கோட்டை அவள்மேல் போட்டு, தன் உடம்பாலும் மூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். டோரீனுக்கு நினைவு இருந்தது. நெவிலைப் பார்த்து, "இன்னிக்கு எல்லாரும் சீக்கிரம் போயிட்டாங்க சார்," என்றாள்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். நெவில் அவள் கட்டில் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஐந்தாம் நாள் நான் போயிருந்தபோது கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பெயர் சொல்லிவிடுவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"உங்க கோட்டைக் கொடுத்துட்டேனா சார்?"

நெவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுத்துட்டீங்க."

"மாத்திக் கொடுக்கலையே?"

"இல்லம்மா. சரியான ஆளுக்குத்தான் போயிருக்கு."

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசி நான் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

கோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நெவிலிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கொண்டுவந்து என் கடையில் வைத்துவிட்டுப் போனார். மிஷினில் போட்டால் ரோமம் சுருண்டுவிடும். பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, உப்பு போகிறவரை ஆறு தண்ணீர் மாற்றிக் கையால் அலசினேன். உலர நான்கு நாள் ஆயிற்று. மார்லன் வந்து உட்கார்ந்து சீப்பால் வாரிவிட்டான். வாரிக்கொண்டே, "முதுகுப் பக்கம் கொக்கி வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தான். "அதை நீ எப்பவும் அவர்கிட்ட சொல்லிடாதே" என்றேன். அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று, தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், நெவில் அவன் தோளைப் பிடித்து, "உன் பேச்சைக் கேட்டிருக்கணும்டா," என்றார். அவ்வளவு உயரமான மனிதன் சுவரோரம் திரும்பி நின்று அழுதான்.

ஷானன் அடக்கத்துக்கு வந்திருந்தாள், கடைசி வரிசையில். நெவில் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது, யார் என்று ஜன்னலில் பார்த்துவிட்டுத் திறக்கவில்லை. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். யார்மேலாவது போகவேண்டியிருந்தது அது. அவள் வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கலாமே, பின்னாலேயே போயிருக்கலாமே என்று என்னிடம் சொல்லிச் சொல்லித் தீர்த்தார்.

ஏப்ரலில் ஒருநாள் அவரே கோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. அவர் வந்து சொன்னது.

"இந்தா, உனக்குக் கொடுத்தது. நீயே வெச்சுக்கன்னேன்."

"என்ன சொன்னா?"

"கையைப் பின்னால கட்டிக்கிட்டா. என்னால போட்டுக்க முடியாது, அதைப் போட்டா ஊரே என்னை டோரீன்னு நினைச்சுக் கூப்பிடும், நான் திரும்பிப் பாக்கணும், முடியாதுன்னா." "அவ சொல்றது சரிதான். எனக்குத்தான் தோணல."

வேறு ஏதாவது வேண்டுமா என்று அவளைக் கேட்டிருக்கிறார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவள், அவர் திரும்பி நடக்கும்போது, "கறுப்பா, யார் கண்ணுக்கும் தெரியாத மாதிரி ஏதாவது இருந்தா" என்றாளாம். நெவில் கறுப்புக் கம்பளித் துணி வாங்கித் தைத்தார். இந்த முறை மார்லனைக் கூப்பிடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. கை இரண்டும் சரியாக வந்தது. அவர் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஷானன் அங்கே இல்லை. பிரெஸ்டன் பக்கம் ஏதோ விடுதியில் இடம் கிடைத்துப் போய்விட்டாள் என்றார்கள். விடுதி விலாசம் யாருக்கும் தெரியவில்லை. ஜூன் மாதம் முழுக்க அவர் விசாரித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. இப்போது அவர் கூடத்து ஆணியில் இரண்டு கோட்டு தொங்குகிறது, பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டையும் போட ஆள் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் கடைக்கு வருவார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, அவ்வளவுதான் துவைக்க இருக்கும். அதற்கு ஒரு மிஷின் முழுக்க ஓட்டுவார்.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் வேறு யாரும் இல்லை. எனக்கு அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே போனதைப் பார்த்ததையும், விரிப்புகளை மடித்து முடிக்கிறவரை போன் செய்யாமல் இருந்ததையும் சொன்னேன். கால் மணி நேரம் என்று சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை.

நெவில் மிஷின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் தூங்கிட்டிருந்தேன் ஐரிஸ்," என்றார்.

"வயசு, அலுப்பு. அது தப்பில்ல நெவில்."

"ஃபிளாஸ்குக்குத் தண்ணி கொதிக்க வெச்சுக்கிட்டு நின்னேன். கோட்டுதான் இருக்கேன்னு."

"நானும் அதேதான் நினைச்சேன்."

"ஊரே அதேதான் நினைச்சிருக்கும்."

என்மேல் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து ஈரச் சட்டைகளை எடுத்து, உதறி, என்னிடம் நீட்டினார். உலர்த்தும் மிஷினில் நான் போட்டேன். அதிலிருந்து வாராவாரம் அவர் வரும்போது எனக்கும் சேர்த்து டீ கொண்டுவருகிறார். பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் இல்லை. மார்லனுக்குப் புது பப்பில் இடம் கிடைத்தது, முட்டிக்கு ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது, இந்த மாதிரிதான். போன வாரம் போகிறபோது வாசலில் நின்று, அடுத்த வியாழன் டாக்டரிடம் போகவேண்டியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வரட்டுமா என்றும் கேட்டார். வாருங்கள் என்றேன்.